ஏஜண்டு காட்டாத கணக்கு

(வெளிநாட்டுக்குப் போய்ச் சிறுநீரகம் விலைக்கு வாங்குவது பற்றிக் கிளை ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பேசத் தோழர்கள் பலர் இங்கே இருக்கின்றார்கள். செயலவை நம்மிடம் ஒப்படைத்திருப்பது வேறொரு விஷயம். நம் வட்டாரத் தோட்டங்களில் சில மாதங்களாக ஒரு பேச்சு அடிபடுகின்றது. "வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கிடந்து வாடுவானேன்? பணத்தைக் கட்டினால் வெளிநாட்டில் புதுக் கிட்னி கிடைக்கும், மூன்று வாரத்தில் நடந்தே திரும்பி வரலாம்" என்று ஓர் ஏஜண்டு சொல்லிக்கொண்டு வருகின்றார். இதை நம்பி நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று வீட்டு மனையை விற்க விலை பேசியிருக்கின்றது. சேமநிதிப் பணத்தை எடுக்கப் பாரம் எழுதித் தரும்படி ஆபீசுக்கும் வந்துவிட்டார்கள். பாரம் எழுதித் தருவது கிராணிகளாகிய நம் கடமை. ஆனால் எதற்காக எழுதுகின்றோம் என்பதைத் தெரிந்து எழுதுவதும் நம் கடமையே அன்றோ?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். நோயாளியைக் குறை கூற நாம் இங்கே நிற்கவில்லை. வாரம் மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம், ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருப்பது சாதாரணக் கஷ்டமன்று. தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குப் போகவும் வரவும் ஆகும் நேரமும் செலவும் தனி. நம் நாட்டில் இன்று 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸ் செய்து கொள்கின்றார்கள். புதிதாகச் சேருகின்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்பு நீர் வியாதியே காரணம். மாற்றுச் சிறுநீரகத்திற்காகப் பெயர் கொடுத்துக் காத்திருப்போர் ஏறத்தாழ 10,000 பேர். இறந்த பின் உறுப்பு தந்து போகின்றவர்களோ ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். இந்த இடைவெளியில்தான் ஏஜண்டு கடை விரிக்கின்றார். தவிக்கின்றவன் தண்ணீர் விற்பவனிடம் விலை கேட்பது இயற்கை. அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீரா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது உடனிருக்கும் தோழர்களின் பொறுப்பு.

ஏஜண்டு காட்டும் கணக்கில் விமான டிக்கட், ஆஸ்பத்திரி, கிட்னி, தங்கும் செலவு என்று நாலு வரி இருக்கும். கீழே ஒரு மொத்தத் தொகை இருக்கும். செக்ரோல் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன விடுபட்டிருக்கிறது என்பதே முதலில் கண்ணில் படும். விடுபட்ட வரிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுகின்றோம்.

முதல் வரி: அந்தக் கிட்னி யாருடையது?

அண்ணன் தம்பிக்குக் கொடுத்தால், தனக்கு இருந்த நோய் நொடிகளை டாக்டரிடம் மறைக்க மாட்டான். தம்பி பிழைக்க வேண்டும் என்பதே அவன் எண்ணம். விற்கின்றவன் நிலை வேறு. நோய் இருப்பதாகச் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும். கடன்காரன் வாசலில் நிற்பான். ஆதலால் அவன் வாய் திறக்க மாட்டான். ஏஜண்டும் துருவிக் கேட்க மாட்டார். மஞ்சட்காமாலை பி, சி கிருமிகள், எச்.ஐ.வி., காசம், மலேரியா ஆகியவை கொடுப்பவர் உடம்பிலிருந்து பெறுபவருக்கு வரக்கூடியவை. கிருமி புகுந்த புதிதில் இரத்தப் பரிசோதனையிலும் சில தெரியாமல் தப்பிவிடும்.

இது ஏன் பெரிய ஆபத்து என்றால், நம் உடம்புக்குள் ஒரு காவல் உண்டு. வேற்றுப் பொருள் எது வந்தாலும் எதிர்த்து அழிப்பதே அதன் வேலை. பிறருடைய சிறுநீரகமும் அதற்கு வேற்றுப் பொருள்தான். அதனால் டாக்டர்கள் அந்தக் காவலை அடக்கி வைக்க மருந்து கொடுக்கின்றார்கள். முதல் சில மாதங்களில் இந்த மருந்தின் அளவு மிக அதிகம். காவல் குறைந்த வீட்டில் திருடன் எளிதில் புகுவான். நல்ல உடம்புக்குச் சாதாரணமாக வந்து போகும் கிருமி, இந்த உடம்பில் உயிரையே வாங்கிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிலிருந்தும் ஓமானிலிருந்தும் 1984க்கும் 1988க்கும் இடையில் பம்பாய்க்குப் போய்ச் சிறுநீரகம் வாங்கி வந்த 130 நோயாளிகளைப் பற்றி, 'லான்செட்' என்னும் மருத்துவ ஏடு 1990இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஓராண்டு முடிவில் அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் உயிரோடு இல்லை. சிலர் எச்.ஐ.வி. கிருமியையும் சேர்த்து விலைக்கு வாங்கி வந்திருந்தார்கள். "அது பழைய காலம், இப்போது வைத்தியம் முன்னேறிவிட்டது" என்பார் ஏஜண்டு. சரி. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக டாக்டர்கள், வெளிநாடு சென்று சிறுநீரகம் பெற்று வந்த 33 பேரைப் பற்றி 2008இல் எழுதினார்கள். அவர்களில் 17 பேருக்குக் கிருமித் தொற்று; 9 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. ஓராண்டிற்குள் புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்த்தது நூற்றுக்கு 30 பேருக்கு. அதே ஆஸ்பத்திரியில் முறைப்படி செய்து கொண்டவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான். கைநிறையப் பணமும் நல்ல ஆஸ்பத்திரியும் உள்ள நாட்டவர் கதியே இது.

இரண்டாவது வரி: எந்த இடத்தில் அறுக்கிறார்கள்?

இந்தியா 1994இல் சட்டம் இயற்றிச் சிறுநீரக வியாபாரத்தைத் தடை செய்தது. சீனா 2007இலும், பிலிப்பைன்ஸ் 2008இலும் வெளிநாட்டாருக்குக் கதவை அடைத்தன. பாகிஸ்தான் 2007இல் அவசரச் சட்டமும் 2010இல் முழுச் சட்டமும் கொண்டு வந்தது. 1980களில் இந்தியாவுக்கும், பிறகு சீனாவுக்கும் நம் நாட்டு நோயாளிகள் போய் வந்தது உண்மைதான். சீனாவில் கிடைத்த உறுப்புகள் மரண தண்டனை பெற்ற கைதிகளுடையவை. 2015 முதல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டதாகச் சீன அரசாங்கமே அறிவித்தது. எனவே, இன்று ஒருவர் "பணம் கொடுத்தால் கிட்னி உண்டு" என்று சொன்னால், அது பெரும்பாலும் திருட்டு வியாபாரம். திருட்டு வியாபாரம் வெளிச்சத்தில் நடக்காது.

2023 அக்டோபர் மாதம் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் ஒரு கும்பல் பிடிபட்டது. 328 பேருடைய சிறுநீரகங்களை எடுத்துப் பணக்காரர்களுக்கு விற்றதாக அந்த மாகாண முதலமைச்சர் தெரிவித்தார். ஆபரேஷன் நடந்தது தனி வீடுகளில். மயக்க மருந்து கொடுக்க உதவியவர் ஒரு கார் மெக்கானிக்! குறைந்தது மூவர் இறந்திருக்கின்றனர். ஏஜண்டு காட்டும் படத்தில் கண்ணாடிக் கட்டடம் இருக்கும். போய் இறங்கிய பின் எந்தச் சந்துக்குக் கூட்டிப் போவார்கள் என்பதை யார் கண்டது?

மூன்றாவது வரி: திரும்பி வரும் பயணம்.

முறையான மாற்றுச் சிகிச்சையில், ஆபரேஷன் பாதி வேலைதான். மீதிப் பாதி அதற்குப் பிறகு வரும் கவனிப்பு. மருந்தின் அளவை இரத்தத்தில் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். வியாபாரிகளுக்குப் படுக்கை காலியாக வேண்டும். ஆகவே தையல் ஆறுமுன் விமானமேற்றி விடுகின்றார்கள். நோயாளி கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும்; சில வேளைகளில் அதுவும் இராது. கொடுத்தவருக்கு என்ன நோய் இருந்தது, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தார்கள், என்ன பரிசோதனை செய்தார்கள் என்பது ஒன்றும் தெரியாமல் நம் ஊர் டாக்டர் இருட்டில் தடவ வேண்டும். ஆபரேஷன் முடிந்த உடம்போடு நெடுநேரம் உட்கார்ந்து பறந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளைச் சிலர் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து ஏற்றிக்கொண்டு வருகின்றனர்.

நான்காவது வரி: ஆயுள் முழுதும் மருந்து.

கிட்னி வாங்கினால் டயாலிசிஸ் செலவு போய்விடும் என்று ஏஜண்டு சொல்லுகின்றார். காவலை அடக்கும் மருந்தை அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும் காலம் வரைக்கும் தினமும் விழுங்க வேண்டும் என்பதை அவர் சொல்லுகின்றாரா? சில நாள் விட்டால் உடம்பு சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கிவிடும். அந்த மருந்துகள் மலிவானவை அல்ல. வெளிநாட்டில் விலைக்கு வாங்கி வந்தவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரி அவற்றை இலவசமாகக் கொடுக்குமா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரியில் நேரில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். மனையை விற்ற பணம் ஆபரேஷனோடு கரைந்துவிட்டால், மாதா மாதம் மருந்துக்கு எதை விற்பது?

ஐந்தாவது வரி: சட்டம்.

விற்பவரையும் வாங்குபவரையும் உறவினர் என்று காட்டப் பொய்ப் பத்திரம் தயாரிப்பது இந்த வியாபாரத்தில் வழக்கம். அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் ஏஜண்டு அல்லர். நோயாளியும் அவர் குடும்பமும்தான். 2008இல் சிங்கப்பூரில் ஒரு வழக்கு நடந்தது. சிறுநீரகம் விற்க வந்த இந்தோனேசியர் இருவரும், இடையில் நின்ற தரகரும், வாங்க முயன்ற செல்வந்தரும் தண்டனை பெற்றார்கள். செல்வந்தருக்கு அபராதத்தோடு ஒரு நாள் சிறை. விற்க வந்த ஏழைகளில் ஒருவருக்கு மூன்று மாதத்திற்கு மேல். நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம், மனித உறுப்பை எடுப்பதையும் சுரண்டல் என்றே சொல்லுகின்றது.

ஆறாவது வரிதான், தோழர்களே, தொழிற்சங்கத்தினராகிய நம்மை முக்கியமாகத் தொடுகின்றது. அந்தப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் யார்?

2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை நேரில் கண்டு விசாரித்து எழுதிய ஆராய்ச்சி, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 96 பேர் விற்றது கடன் அடைக்க. பேசிய விலை சராசரி 1,410 டாலர்; கையில் வந்தது 1,070 டாலர்தான். விற்ற பின்னும் நாலில் மூன்று பங்கினர் கடனாளிகளாகவே இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நூற்றுக்கு 86 பேர் தங்கள் உடல் நலம் கெட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வடசென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று ஊரார் அழைத்த கொடுமையும் உண்டு. அது பழங்கதையும் அன்று. 2025இல் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வளைத்த செய்தி வெளியாகித் தமிழ்நாட்டு அரசாங்கம் விசாரணை நடத்தியது. வங்காள தேசத்தில் காலாய் வட்டாரத்துக் கிராமம் ஒன்றுக்கு 'ஒற்றைக் கிட்னி கிராமம்' என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. அந்த நாட்டுத் தொழிலாளர்கள் இன்று இந்நாட்டுத் தோட்டங்களிலும் நம்மோடு வேலை செய்கின்றார்கள். அவர்களும் ஏஜண்டுக்குக் கடன்பட்டே கடல் தாண்டி வந்தவர்கள்.

கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடித்த கதை நம் பாட்டன்மார் கதை. 1938இல் அந்த ஆள்கட்டும் முறை நின்றது. கையில் கொஞ்சம் பணம், தலையில் நிறையக் கடன், பேசியது ஒன்று, கொடுத்தது ஒன்று. கிட்னித் தரகர் செய்வதும் அதையேதான். அன்று உழைப்பைப் பிடித்தார்கள். இன்று உறுப்பையே பிடிக்கின்றார்கள். பால் வெட்டும் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பட்டையைப் பக்குவமாக வெட்டினால் சில வருஷத்தில் புதுப்பட்டை வளரும். உளி ஆழப் போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்து பயனற்றுப் போகும். சிறுநீரகம் புதுப்பட்டை அன்று; எடுத்தால் மீண்டும் வளராது. தம்பிக்குக் கொடுக்கும் அண்ணனை டாக்டர்கள் நன்கு பரிசோதித்து, அதற்குப் பிறகும் வருஷா வருஷம் பார்க்கின்றார்கள். அவன் ஒன்றோடு நலமாக வாழலாம். விற்றவனை யார் திரும்பிப் பார்க்கின்றார்கள்?

"இதெல்லாம் சரி, நோயாளி என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். வழி சொல்லாமல் தடை மட்டும் சொல்வது சங்கத்தின் வேலை அன்று.

சொக்சோவுக்குச் சந்தா கட்டி வரும் தொழிலாளி, சிறுநீரகம் செயலிழந்து, இயலாமைத் திட்டத்தின் விதிகளுக்குப் பொருந்தினால் டயாலிசிஸ் செலவுக்குச் சொக்சோ உதவுகின்றது. ஆகவே நோய் தெரிந்தவுடன், வேலையை விட்டு நிற்பதற்கு முன்னால், கிளைக்கு வாருங்கள். பலர் முதலில் வேலையை விட்டுவிட்டுப் பிறகு வருகின்றார்கள். அதனால் உரிமை கைநழுவிப் போகலாம். பட்டணம் போக முடியாதவர்கள், வயிற்று வழியாக வீட்டிலேயே செய்து கொள்ளும் டயாலிசிஸ் தமக்கு ஒத்து வருமா என்று டாக்டரைக் கேளுங்கள். குடும்பத்தில் கொடுக்க மனமுள்ளவர் இருந்தால் கடல் தாண்ட வேண்டியதே இல்லை. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் 1975ஆம் ஆண்டிலேயே முதல் சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்துவிட்டது. இறந்த பின் நம் உறுப்புகளைத் தருவதாக நாம் ஒவ்வொருவரும் பதிவு செய்து, அதை வீட்டாரிடமும் சொல்லி வைத்தால், காத்திருக்கும் வரிசை குறையும். ஏஜண்டின் கடையிலும் கூட்டம் குறையும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வருமுன் காப்பது. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் வலியில்லாமல் சிறுநீரகத்தைத் தின்னும். கால் வீங்கும்போது பாதி போயிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால் முன்பே தெரிந்துவிடும். கொடுத்த மருந்தை, "உடம்பு நன்றாய்த்தான் இருக்கிறது" என்று நிறுத்தாதீர்கள். முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் கடையில் வாங்கும் மாத்திரையைத் தினமும் விழுங்காதீர்கள். இனிப்பு நீர் உள்ளவருக்கு அது சிறுநீரகத்திற்குப் பகை.

ஏற்கெனவே போய் வந்தவர்கள் நம் வட்டாரத்தில் இருந்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெட்கப்பட்டோ பயந்தோ மறைந்திருக்காதீர்கள். உடனே அரசாங்க ஆஸ்பத்திரியின் சிறுநீரக டாக்டரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சங்கத்தினர் உங்களுடன் துணைக்கு வருவார்கள்.

ஆகவே செயலவையின் சார்பில் நான்கு தீர்மானங்களை முன்மொழிகின்றோம். ஒன்று: நோயுற்ற உறுப்பினருக்குச் சொக்சோ பாரம் எழுதவும் ஆஸ்பத்திரிக்கு உடன் செல்லவும் கிளையில் மூவர் கொண்ட குழு அமைக்க வேண்டும். இரண்டு: டயாலிசிஸ் நாளில் வேலை நேரத்தை மாற்றித் தரவும் வாகன வசதி செய்யவும் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். மூன்று: ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்திலேயே இரத்தப் பரிசோதனை நடைபெற வேண்டும். நான்கு: கிட்னி ஏஜண்டு எவரும் தோட்ட வீடுகளில் கூட்டம் கூட்டுவதை நாம் அனுமதிப்பதில்லை.

அந்த வீட்டு மனை இன்னும் விற்கப்படவில்லை. குழு அமைந்தால் நாளைக் காலையிலேயே அந்த வீட்டுக்குப் போகலாம். தீர்மானங்களை ஆதரிப்போர் கை உயர்த்துமாறு கேட்டு அமர்கின்றோம்.